வங்கியில் ரிஸ்க் மேனேஜ்மென்ட், அதாவது இழப்பு வராமல் பார்த்துக்கொள்வது என்பது தலைமை அலுவலக வேலைதானே? கிளையில் இருப்பவருக்கு அதில் என்ன பங்கு?

நீங்கள் புதிதாகச் சேர்ந்த அதிகாரி என்று நினைக்கிறேன். பயிற்சியில் பாசல் என்ற சர்வதேச வங்கி விதிகள், இழப்பைத் தாங்க வங்கி வைத்திருக்க வேண்டிய மூலதன விகிதம் என்று நிறையச் சொல்லியிருப்பார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவரே செய்வதைத் தடுப்பது கிளையில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

நான் நகைக்கடன் பெட்டகத்துக்கு ஜாயின்ட் கஸ்டோடியன். ஒரு சாவி கேஷியரிடம், மற்றது என்னிடம். ஒரு மதியம், மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக போன் வந்தது. வெளியே கல்யாண வீட்டுக்காரர்கள் நகையை மீட்கக் காத்திருக்கிறார்கள். "சாவியைக் கேஷியர்கிட்ட கொடுத்துட்டுக் கிளம்புங்க மேடம், ரெஜிஸ்டரை நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார் மேனேஜர். நான் கொடுக்கவில்லை. இன்னொரு அதிகாரியை அழைத்து, நகைப் பைகளை எண்ணிக் காட்டி, சாவிப் பதிவேட்டில் நேரம் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆட்டோ ஏறினேன். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தக் கேஷியர் தங்கமான மனிதர். நாளைக்கு ஒரு பை குறைந்தால், இரண்டு சாவியும் வைத்திருந்த அவர் தலையில்தானே விழும்?

இதெல்லாம் அற்ப விஷயம் என்பவர்கள் 2018இல் வெடித்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைப் பாருங்கள். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வைர வியாபாரி நீரவ் மோடி, அவர் மாமா மெஹுல் சோக்சி ஆகியோரின் நிறுவனங்களுக்காக, அவர்கள் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்று வங்கி சொல்லும் உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியே போயின. வங்கியின் கணக்குகள் பதிவாகும் கோர் பேங்கிங்கில் அவற்றுக்குப் பதிவே இல்லை, இரண்டும் இணைக்கப்படாமல் இருந்தன. ஒரே அதிகாரி ஆண்டுக்கணக்கில் அதே இருக்கையில் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இருக்கைக்கு வந்த அதிகாரிகள் மார்ஜின், அதாவது ஈடாகக் கட்ட வேண்டிய பணம், கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. 2018 பிப்ரவரியில் வங்கி அறிவித்த தொகையே சுமார் 11,400 கோடி ரூபாய்.

முக்கியப் பொறுப்பில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021இல் ரிசர்வ் வங்கி சொன்னது இதற்காகத்தான். நல்ல விதி. சரி, அவர் இடத்தில் உட்கார ஆள் எங்கே? ஒருவர் ரிடையர் ஆனால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. இருக்கிறவர்களுக்கும் இன்சூரன்ஸ் டார்கெட். பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் பாலிசி விற்கவா நாங்கள் பரீட்சை எழுதி வந்தோம்?