விரதம், தவம், துறவு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேள்வி: ஐயா, தைப்பூசத்துக்கு ஈரோட்டுல இருந்து பழனிக்கு நடக்கறோமுங்க. செருப்பு போட்டா பலன் போயிருமுங்களா?

பதில்: அதெல்லாம் போகாது தம்பி. தவத்துக்கு உருவமுன்னு வள்ளுவர் சொல்றது ரெண்டே ரெண்டுதான், தனக்கு வந்த நோவைப் பொறுத்துக்கறது, இன்னொரு உசுருக்கு நோவு பண்ணாம இருக்கறது. வந்த நோவைத்தான் பொறுத்துக்கச் சொன்னாரு, தேடிப்போயி வாங்கச் சொல்லலை. போன வருசம் எங்ககூட ஒரு மாமா வெறுங்காலோட வந்தாரு, காங்கேயம் தாண்டறதுக்குள்ள கொப்புளத்தை போட்டோ எடுத்து நாலு தடவை ஸ்டேட்டஸ் வெச்சுப்போட்டாரு, அன்னதானப் பந்தல்ல காபி ஆறிப்போச்சுன்னு ஒரு சின்னப் பையனை அந்த வெரட்டு வெரட்டறாரு. அதுக்கு நீங்க செருப்பு போட்டே நடங்க.

கேள்வி: எல்லாத்தையும் விட்டுப்போட்டுப் போறதுதானுங்களே துறவு?

பதில்: பொருளை விடறது ஈஸிங்க, "என்னுது"ங்கறதை விடறதுதான் பாடு. பட்டினத்தார் கதை கேட்டிருப்பீங்க, திருவிடைமருதூர்ல கிழக்கு வாசல்ல அவரு, மேக்கு வாசல்ல சிஷ்யர் பத்திரகிரியார், ராசாவா இருந்து எல்லாத்தையும் உதறிட்டு வந்தவரு, ஆனா சோறு வாங்க ஒரு ஓடு, கூடவே ஒரு நாயி. பிச்சை கேட்டு வந்தவருகிட்ட பட்டினத்தார், மேக்கால ஒரு சம்சாரி இருக்கறான், அங்க போயி கேளுங்கன்னு அனுப்பிப்போட்டாரு. ராஜ்ஜியத்தை விட்டவரு ஓட்டுல மாட்டிக்கிட்டாரு பாருங்க. நம்ம பேரூர் சாந்தலிங்கரும் இந்தப் பற்றறுக்கற வைராக்கியத்தைப் பத்தித்தான் வைராக்கிய சதகமுன்னு நூறு பாட்டு பாடி வெச்சிருக்காரு.

கேள்வி: சமணர்ங்க சாப்பிடாம உசுரை விடறது தற்கொலைதானே சார்?

பதில்: கோர்ட்டே இதுல திணறுச்சுங்க. 2015 ஆகஸ்ட்ல ராஜஸ்தான் ஹைகோர்ட் குத்தமுன்னுச்சு, அதே மாசக் கடைசியில சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டுச்சு. இப்படி உண்ணாம இருந்து உசுரை விடறதைச் சல்லேகனைம்பாங்க, அவிங்க கணக்குல அதுக்கு கண்டிஷன் இருக்குதுங்க, தள்ளாத வயசு, தீராத நோவு, பஞ்சம், இந்த மாதிரி தப்பிக்க வழியில்லாதப்பதான், அதுவும் குரு சம்மதிக்கோணும், கோவத்துலயோ ஏக்கத்துலயோ செஞ்சா செல்லாது. செஞ்சிப்பக்கம் திருநாதர்குன்றுல சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாம இருந்து உசுரை விட்டதைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. எனக்கு மனசு முழுசா ஒப்பலை, ஆனா தற்கொலைன்னு ஒரே வார்த்தையில தள்ளவும் முடியலைங்க.

கேள்வி: காசிக்குப் போனா ஒரு காயும் ஒரு பழமும் விடோணுமாமா. நான் பாகக்காயை விட்டுட்டா ஆகாதுங்களா?

பதில்: நல்லா கேட்டீங்க அம்மணி! நமக்கே புடிக்காததை விட்டா கங்கைக்கு என்னுங்க லாபம்? எங்க அமுச்சி, அம்மாவைப் பெத்தவிங்க, உசுரா இருந்த பலாப்பழத்தை விட்டுட்டு வந்தவிங்க. கொல்லிமலைப் பழம் வீட்டுக்கு வந்தா அருவாமனையில தேங்காயெண்ணெய் தடவி அவிங்கதான் அரிவாங்க, வீடே மணக்கும், சுளை சுளையா எடுத்து எங்க கையில குடுப்பாங்க, வெரல்ல ஒட்டுனதைக்கூட நாக்குல வெக்காம சேலைத் தலைப்புல தொடைச்சுக்குவாங்க. கஷ்டமா இல்லையான்னு ஒருக்கா கேட்டேன். கொட்டையை அடுப்புல சுட்டு ஊதி ஊதித் தின்னுக்கிட்டே, "பழத்தைத்தானே விட்டேன், கொட்டையைச் சொல்லலையே"ன்னு சிரிச்சாங்க.