நோயாளியைத் தூக்குவதும் செவிலியரின் முதுகும்

கேள்வி: எலும்பு முறிவுப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். பயிற்சியில் கற்பித்தபடி முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித்தான் நோயாளிகளைத் தூக்குகிறேன். ஆயினும் பணி முடிவதற்குள் இடுப்பும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்கின்றன. என் முறையில் பிழை உள்ளதா?

பதில்: பிழை உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் கற்ற பாடம், உடலோடு அணைத்துப் பிடிக்கக்கூடிய, அசையாத பெட்டிகளுக்கே பொருந்தும். நோயாளியோ கட்டிலின் நடுவில் படுத்திருக்கிறார். பக்கக் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, இடுப்பைத் திருப்பித்தான் அவரை எட்ட முடியும். வலி பொறுக்காமல் அவர் சட்டென்று உங்கள் கழுத்தைப் பற்றிக்கொண்டால் பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும். சுமை உடலை விட்டு விலக விலக, கீழ்முதுகின் டிஸ்க்குகள் தாங்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1990களில் வெளியிட்ட கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். அதே கணக்கை நோயாளிகளைக் கையாளும் வேலைக்குப் பின்னர் பொருத்திப் பார்த்தபோது, வரம்பு ஏறத்தாழ 16 கிலோவாகக் குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே 11 கிலோவுக்குக் குறையாது. மாவுக்கட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்கள் பிரிவில் காலைத் தூக்கிப் பிடிப்பதே அந்த வரம்பை நெருங்கும் வேலை என்பது விளங்கும்.

எனவே தூக்குவதைக் குறைக்க வேண்டும். நோயாளியைத் தலைமாட்டுப் பக்கம் நகர்த்தும்முன் கட்டிலின் சக்கரங்களைப் பூட்டி, நோயாளியின் நிலை இடம் தந்தால் தலைப்பகுதியைத் தாழ்த்தி, கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அடியில் வழுக்கும் விரிப்பைப் போட்டு இருவராக இழுக்கும்போது, கை வலுவால் இழுக்காமல், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உங்கள் எடையை மாற்றி இழுங்கள். நல்ல காலை ஊன்றி உந்தக்கூடியவரிடம் அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது அவருக்கும் பயிற்சியே. காயத்துக்குக் கட்டுப் போடும்போது நெடுநேரம் குனிந்து நிற்பதும் தூக்குவதைப் போலவே முதுகை வருத்தும். ஒரு முக்காலியில் அமர்ந்து செய்யலாம். விரிப்பும் தூக்கு கருவியும் வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அவை இல்லாத வார்டில் தூக்கும் முறையை மட்டும் மீண்டும் மீண்டும் கற்பிப்பதால் வலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

கேள்வி: இடுப்புப் பெல்ட் அணிந்தால் வலி வராமல் தடுக்கலாமா? ஓய்வு தேவையா?

பதில்: இதுவரை காயமடையாத ஒருவரைப் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, அணிந்த தைரியத்தில் கூடுதலாகத் தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு. சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பதைவிட, இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கில் உணர்வு மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் திடீர் மாற்றம் ஏற்பட்டாலோ பணிநேரம் முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அவசரப் பிரிவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.