113 ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணில் பட்ட காட்டுச் சிற்றாந்தை: கேள்வி பதில்

கேள்வி: 1884-இல் பார்த்த ஆந்தை 1997 வரை ஒருவர் கண்ணிலும் படவில்லையா? நம்ப முடியவில்லையே.

பதில்: தேடியவர்களைத் திசைதிருப்பியது ஒரு பொய். 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் இந்த ஆந்தையைப் பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பதிவு செய்திருந்தார். உண்மையில் அது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்தது. அதை மைனர்ட்ஸ்ஹாகன் அருங்காட்சியகத்திலிருந்து திருடி, இடமும் தேதியும் எழுதிய புதுச் சீட்டு கட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஒரு துண்டுச் சீட்டு எத்தனை பேரின் உழைப்பைப் பாழாக்கிவிட்டது! நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: திருட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: செத்த பறவையின் தோலைப் பாடம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கைப்பக்குவம் உண்டு. பஞ்சை அடைக்கும் விதம், தையல் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்த உடலை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். பஞ்சை மாற்றி அடைத்திருந்தும் அடியில் டேவிட்சனின் கைவேலை தெரிந்தது.

அதன்பின் மாண்ட்வியை ஒதுக்கிவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் சொன்ன இடங்களுக்கே அவர் போனார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, பென் கிங், டேவிட் அபாட் ஆகியோருடன் சேர்ந்து உயிருள்ள ஆந்தையைக் கண்டார்.

கேள்வி: எங்கும் காணும் புள்ளி ஆந்தைதானோ என்று சந்தேகம் வராதா?

பதில்: வரத்தான் செய்யும். உச்சந்தலையைப் பாருங்கள். புள்ளி ஆந்தைக்கு அங்கே வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும்; இதற்கு அநேகமாக வெறும் பழுப்பு. மார்பும் பெரும்பாலும் ஒரே பழுப்பு, வயிற்றின் நடுவே வெள்ளை. கால்விரல்களில் அடர்ந்த இறகு. வாலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று ஆட்டும்.

கேள்வி: இரவில்தானே தேட வேண்டும்?

பதில்: இல்லை, இது பகலில் நடமாடும் ஆந்தை. காலை வெயிலில் இலையற்ற கிளையில் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: மகாராஷ்டிரத்தின் மேல்காட், மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா, மும்பை அருகே தான்சா. பெரும்பாலும் தேக்குக் காடுகள். காடழிப்புதான் முதல் எதிரி. புதிய இடங்கள் தெரியவந்த பிறகு, 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-னின் அழியும் உயிரினங்கள் பட்டியலில் அபாயத்தின் ஒரு படி குறைந்தது. ஆனாலும் வளர்ந்த ஆந்தைகள் ஆயிரத்துக்கும் குறைவே.

கேள்வி: கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்துப் படம் எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எதிரி நுழைந்துவிட்டதென்று பறவை கூட்டை விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் குஞ்சுகள் தனித்துக் கிடக்கும். காலையில் தள்ளி நின்று காத்திருங்கள், அதுவாகவே வெயிலுக்கு வரும்.