கீழ் வயலில் கரும்பச்சைத் தோல்: செதுக்கி எறியலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் குடாவை ஒட்டி எங்கள் வயல். பெரும்போகம் அறுத்த பிறகு கீழ் வயலில் கரும்பச்சைத் தோல் ஒன்று படர்ந்து, வெயில் ஏற அப்பளம் மாதிரிச் சுருண்டு எழும்புகிறது. மேல் வயலில் வழுவழுப்பான பாசி மட்டும்தான். மண்ணைக் கெடுப்பது இந்தத் தோல்தானா? செதுக்கி எறியலாமா? பாசி உரம் போட்டால் சரிவருமா?

பதில்: செதுக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே ஒரு துண்டைப் பெயர்த்து, கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே பச்சை, அதன்கீழ் மங்கலான ஊதா, அடியில் கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் கூழ்முட்டை நாற்றம். இவ்வளவும் இருந்தால் அது உப்புக்குப் பழகிய சயனோபற்றீரியாப் படை. நாம் பாசி என்று சொன்னாலும் அது பற்றீரியா இனம். நூல் நூலாக வளர்ந்து, தான் சுரக்கும் பசையால் மண்துகளைத் தைத்துவிடும். உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், பார்த்திருப்பார்கள்.

மேல் வயலில் இருப்பது வேறு கூட்டம். சர்பத்தில் ஊறிய கசகசா போல உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தால் அது நொஸ்டொக். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தரக்கூடியது. நெல்வயலில் இத்தகைய இனங்கள் செய்யும் இந்த வேலையை வங்காளத்து மண்ணை வைத்து 1939லேயே பி. கே. டே என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார்.

ஒரே வரம்புக்கு இரு பக்கமும் ஏன் இந்த வேறுபாடு? முதற்காரணம் உப்பு. மேல் வயலுக்குக் கந்தளாய்க் குளத்து நன்னீர். கீழே, கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் ஆவியாக, அடியிலுள்ள உப்பு மேலேறி நிற்கும். உப்பு வெளியே கூடினால் உயிரணுவிலிருந்து நீர் வெளியேறும். அதைத் தடுக்க நன்னீர் இனங்கள் கொஞ்சம் சீனியைச் சேர்த்துச் சமாளிக்கும்; கடும் உப்புக்கு அது போதாது. பீற்றெய்ன் போன்ற, நீரை உள்ளே பிடித்துவைக்கும் பொருள்களைத் தயாரிக்கத் தெரிந்தவைதான் அங்கே தாக்குப்பிடிக்கும். கூழ்முட்டை நாற்றம் தரும் சல்பைட்டும் பல இனங்களுக்கு நஞ்சு. ஆகவே அந்தத் தோல் உங்கள் மண்ணைக் கெடுக்கவில்லை, மண்ணில் உப்பு நிற்பதைக் காட்டுகிறது.

ஒரு ஆறுதலும் உண்டு. கண்டல் நின்ற சேற்றை வடித்துக் காயவிட்டால் சில இடங்களில் கந்தக அமிலம் உருவாகும். கடும் அமிலத்தில் சயனோபற்றீரியா வளராது. தோல் படர்ந்திருப்பதால் மேல்மண் அந்த நிலைக்குப் போகவில்லை எனலாம்.

செய்ய வேண்டியது உப்பைக் கழுவுவது. குடாப் பக்க வரம்பை உயர்த்தி, மாரி மழையின் முதல் தண்ணியைத் தேக்கி வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். விதைக்கு முன் அளப்பித்துக்கொள்ளுங்கள். தோலை உழுது உள்ளே புரட்டிவிடுங்கள். அப்படியே விட்டு மேலே விதைத்தால் முளை வேர் இறங்கத் திணறும்.

பாசி உரம் கீழ் வயலுக்கு வீண்செலவு என்பேன். அதில் வரும் நன்னீர் இனம் அந்த உப்பில் நிலைக்காது. மேல் வயலில் ஏற்கெனவே இருப்பது போதும். அங்கே யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் அது நைதரசன் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், பிரித்துப் போடுங்கள்.

மாடு வளர்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று: தேங்கிய குட்டையில் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல ஏடு மிதந்தால் அந்தத் தண்ணியைக் குடிக்க விடாதீர்கள். சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும்.