கேள்வி–பதில்: பழைய ஸ்பீக்கரின் ஃபோம் உதிர்கிறதா?

1990களில் வாங்கிய மியூசிக் சிஸ்டம். 8 அங்குல வூஃபரில் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) நடுவே அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே பொடியாகிறது. பாஸ் வந்தால் கடகடவென்று சத்தம். கடையில் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்டு. ஆனால் இப்போதே பாட்டை நிறுத்திவிடுங்கள். ஓரப் பிடிப்பு போனதும் கோன் சாய்ந்து, உள்ளே வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருள், இரும்பில் உரசும். உரசி உரசிக் கம்பியின் எனாமல் போனால் காயில் ஷார்ட் ஆகும். அப்போது கடைக்காரர் சொன்னதுதான் சரியாகிவிடும். ஃபோம் பாலியூரித்தேன், காற்றின் ஈரமே அதை அரித்துவிடும். பாட்டே போடாமல் மூடிவைத்த ஸ்பீக்கரிலும் அது உதிரும்.

ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. எதுவுமே காட்டாவிட்டால் காயிலோ, கோனுக்குப் போகும் பின்னல் ஒயரோ அறுந்திருக்கிறது. அடுத்து, நடு மூடியைச் சுற்றி விரல்களைப் பரப்பி, கோனைச் சீராக அழுத்தி விடுங்கள். நேராக அழுத்தியும் கரகரத்தால் காயில் வளைந்திருக்கலாம். அதற்கு ரீகோன், அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவதுதான் வழி.

இரண்டும் சரி என்றால் ஃபோம் ரிங் வாங்கலாம். "8 இன்ச் ரிங்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபிரேமில் ஒட்டும் இடத்தின் விட்டம், கோனின் விளிம்பு விட்டம், நடுவே உப்பிய வளைவின் அகலம், இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பழைய ஃபோம் கோனுக்கு மேலா கீழா ஒட்டியிருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பசையை ஃபிரேமில் பிளேடால் சுரண்டலாம். காகிதக் கோனில் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

காகிதக் கோனுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். உடனே இறுகாது என்பதே அதன் நன்மை. நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிடம் கிடைக்கும். ஃபெவிக்விக் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் விறைத்து ஓரம் வெடிக்கும். பிளாஸ்டிக் கோனில் ஃபெவிகால் ஒட்டாது. அதற்கென உள்ள ஸ்பீக்கர் பசை கேளுங்கள்.

முதலில் கோன் பக்கம் மட்டும் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். மறுநாள் ஃபிரேம் பக்கம். பசை ஈரமாக இருக்கும்போதே கோனை லேசாக அழுத்திப் பார்த்து, உரசல் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். மொபைலில் 30 ஹெர்ட்ஸ் டோனை ஆம்ப்ளிஃபயர் வழியாக மிகக் குறைந்த வால்யூமில் கொடுத்தால், நடுவிலிருந்து விலகியிருந்தாலே கிர்ரென்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு துணிக் கிளிப்புகளால் சுற்றிலும் பிடித்து, 24 மணி நேரம் தொடாதீர்கள். ஜோடியில் ஒரு ஸ்பீக்கரின் ஃபோம் உதிர்ந்தால் மற்றதும் தயாராகத்தான் இருக்கும்; இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

பொருத்துமுன் 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று எதிராக நகர்ந்தால் அதன் பிளஸ், மைனஸ் குறி மாறியிருக்கிறது. அப்படியே பொருத்தினால் பாஸ் பாதி காணாமல் போகும்.

ஒரு பெட்டியில் மட்டும் தாளச் சத்தம் மந்தமாக இருக்கிறது. ட்வீட்டரை (கீச்சுக் குரல் போன்ற உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மாற்ற வேண்டுமா?
– வாசகி, சேலம்

இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். மந்தம் அதே பெட்டியில் நின்றால், பெரும்பாலும் ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டர்தான் காரணம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், நான்-போலார் வகை வாங்குங்கள். பிளஸ், மைனஸ் குறியுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது.