சைக்கிள் கடையில் ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராவது லாபமா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்கள் இவை: அமெரிக்காவில் இருக்கிறீர்கள். 900 டாலருக்குப் புது சைக்கிள் வாங்கியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 129 டாலர் கட்டினால் இரண்டு டியூன்-அப் (கியர், பிரேக் எல்லாம் பார்த்துச் சரிசெய்து தரும் பராமரிப்பு), சின்னச் சின்ன வேலைகள் எத்தனை முறை வந்தாலும் இலவசம், உதிரிபாகங்களில் 15 சதவீதத் தள்ளுபடி என்கிறார் கடைக்காரர். கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

இன்னொரு விவரமும் தெரிய வேண்டும். வாரத்துக்கு எத்தனை மைல் ஓட்டப் போகிறீர்கள்? வேலைக்குப் போய் வர, மழையிலும் குளிரிலும், வாரம் 40 மைலுக்கு மேல் என்றால் முதல் வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். சனி ஞாயிறில் வெயில் அடித்தால் ஏரியைச் சுற்றி வருவதற்கு என்றால் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை காசு கொடுத்து டியூன்-அப் செய்துகொண்டாலே போதும்.

இதை என் சொந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். நான் சியாட்டிலுக்கு வடக்கே லேக் ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலை. பர்க்-கில்மன் பாதையில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 9 மைல். அது பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1978-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் பெரிய மேடே கிடையாது, ஏரி ஓரமாகவே போகும். வாரம் மூன்று நாள் போய் வந்தால் 54 மைல். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஈரம். உதிர்ந்த இலை, சேறு, மணல் எல்லாம் செயினில்தான் வந்து ஒட்டும்.

இங்கே வந்த இரண்டாம் வருடம் பக்கத்துக் கடை ஒன்றில் 120 டாலர் கட்டி உறுப்பினரானேன். நீங்கள் சொல்லும் அதே மாதிரித் திட்டம்தான். மூன்று வருடம் இருந்தேன். மூன்று வருடமும் மூன்று விதமாக முடிந்தது.

முதல் வருடம் நல்ல லாபம். ஒரு டியூன்-அப்புக்குக் கடையின் விலை 110 டாலர். இரண்டு கொடுத்தார்கள். எனக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒன்றுதான், அதனால் 110 என்றே எழுதிக்கொள்கிறேன். கியர் தாவுகிறது, பிரேக் உரசுகிறது, பின்சக்கரம் லேசாகக் கோட்டம் என்று ஆறு முறை போயிருப்பேன். தனியாகக் கொடுத்திருந்தால் முறைக்கு 15 டாலர், ஆக 90. உதிரிபாகம் 200 டாலருக்கு வாங்கினேன், தள்ளுபடி 30. மொத்தம் 230 டாலர் மதிப்பு. 120 கட்டியதற்கு இது நல்ல பேரம்தான்.

ஆனால் அந்த 230-இல் வராத ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பலன்.

அக்டோபரில் ஒரு நாள் கியர் தாவுகிறது என்று கொண்டுபோனேன். மெக்கானிக் பெரியவர். சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார். கியரைத் தொடவே இல்லை. மேசையிலிருந்து கைவிரல் நீளத் தகடு ஒன்றை எடுத்து, அதன் கொக்கியைச் செயினில் மாட்டி மறுமுனையை விட்டார். அது தொப்பென்று செயினுக்குள் இறங்கி உட்கார்ந்தது. "நல்ல செயினாக இருந்தால் இது உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும்" என்றார். பிறகு பின்சக்கரத்துப் பல்லைத் துணியால் துடைத்துக் காட்டினார். நான் அதிகம் ஓட்டும் இரண்டு பல்சக்கரங்களில் மட்டும் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலை மாதிரி கூர்ந்து இருந்தன. மற்றவை புதிதுபோல நேராக நின்றன. நீண்டுபோன செயின் பல்லைத் தின்றுவிட்டது. இரண்டு மாதம் முன்னால் மாற்றியிருந்தால் 38 டாலர் செயினோடு போயிருக்கும். இப்போது பல்சக்கர அடுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும், அது 62 டாலர். 100 டாலர் பில்லில் உறுப்பினர் தள்ளுபடி 15 டாலர் கழித்தார்கள். தாமதத்தால் எனக்குப் போனதோ, தள்ளுபடி போகவும் ஏறக்குறைய 53.

அன்றைக்கு அவர் சொன்னார்: "மாதம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம் போதும்." அப்படியே செய்தேன். தகட்டை விட்டுப் பார்ப்பார், பிரேக் கட்டையின் கனத்தைப் பார்ப்பார், ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கித் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வருடம் அதற்குப் பிறகு எந்தப் பாகமும் வீணாகத் தேயவில்லை. உறுப்பினர் அட்டையில் இந்தச் சலுகை எழுதப்படவில்லை. ஆனால் நான் கட்டிய 120 டாலரும் இதற்குத்தான் தகும்.

எனக்குப் பாபநாசத்தில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. அப்பா பொங்கலுக்கு முன்னால் வண்டியை ஓவராயிலுக்கு விடுவார். பால்ரஸை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, வீல் கோட்டம் எடுத்துக் கொடுப்பார்கள். நடுவில் காற்றடிக்கப் போனால்கூட "அண்ணே, பிரேக் கட்டை போச்சு, ஞாயித்துக்கெழம கொண்டாந்துருங்க" என்று கடைக்காரர் சொல்லி அனுப்புவார். அதற்குக் கட்டணம் கிடையாது, வாடிக்கை என்ற ஒன்றுதான். இங்கே அதே கவனத்தை நான் காசு கொடுத்து வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. வாடகையும் கூலியும் உயர்ந்த ஊரில் ஒருவருடைய இரண்டு நிமிடத்துக்கு விலை இருக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் வருடம் அந்தப் பெரியவர் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் என் வண்டியை அவர்களுக்குத் தெரியாது. மே மாதம் டியூன்-அப்புக்குக் கேட்டால் 16 நாள் கழித்துத்தான் இடம் என்றார்கள். உறுப்பினருக்கு முன்னுரிமை என்று திட்டத்தில் எங்கும் இல்லை என்பதை அப்போதுதான் படித்துப் பார்த்தேன். கியர் ஓடாமல் 16 நாளும் பஸ்ஸில் போனேன். அந்த வருடம் ஒரு டியூன்-அப் 110, ஒரு சின்ன வேலை 15. ஆக 125. மிச்சம் 5 டாலர்.

மூன்றாம் வருடம் புதுப்பிக்கும் எண்ணமே இல்லை. ஆனால் கார்டில் தானாகவே 120 டாலர் எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு வேலைகூடச் செய்துகொள்ளவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது, கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது என்றார்கள். இருந்தது உண்மைதான், பின்பக்கத்தில் பொடி எழுத்தில். ஆனாலும் அதில் நியாயம் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. பணம் எடுக்கும் முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். நீங்கள் சேர்வதாக இருந்தால் தானாகப் புதுப்பித்தலை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைகள் ஏன் இப்படித் திட்டம் போடுகின்றன என்று புரிந்தால் பேரம் பேசுவது எளிது. புது சைக்கிள் விற்பதில் கடைக்கு நிற்கும் லாபம் குறைவு. ரிப்பேர் கூலியிலும் ஹெல்மெட், லைட், பூட்டு போன்ற சாமான்களிலும்தான் கடை ஓடுகிறது. அதிலும் வசந்தம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை வெளியே எடுப்பார்கள், மார்ச் முதல் ஜூன் வரை வேலை குவியும். குளிர்காலத்தில் கல்லா காலி. உறுப்பினர் கட்டணம் அந்தக் காலி மாதங்களை ஓட்டும் பணம். இதில் தவறொன்றும் இல்லை. நல்ல மெக்கானிக்கை ஜனவரியில் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடிந்தால்தான் மே மாதம் அவர் நமக்குக் கிடைப்பார். நீங்களும் டியூன்-அப்பை டிசம்பர், ஜனவரியில் கேட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வண்டி கைக்கு வந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பணம் என்பது கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் கடன். பெர்ஃபார்மன்ஸ் பைக் என்று நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளோடு ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாங்கியதற்குப் புள்ளி சேரும் உறுப்பினர் திட்டமும் வைத்திருந்தார்கள். அதன் தாய் நிறுவனம் 2018 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த சில மாதங்களில் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த நிலை என்றால், சின்னக் கடையில் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், தள்ளுபடி தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மலையேற்றம், முகாம், சைக்கிள் சாமான்கள் விற்கும் ஆர்இஐ (REI) கடையில் உறுப்பினராவதும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு வகை. 1938-இல் சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதியும் அவர்களுடைய மலையேறும் நண்பர்களும், நல்ல பனிக்கோடரி நியாய விலையில் கிடைக்கவில்லை என்பதற்காகத் தொடங்கிய கூட்டுறவு. தொடக்கத்தில் உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். இப்போது 30 டாலர், ஆனால் வாழ்நாளுக்கும் ஒரே முறைதான். முழு விலைக்கு வாங்கும் பொருளில் 10 சதவீதம் அடுத்த வருடம் வரவாகத் திரும்பும். சைக்கிள் பட்டறை வேலையில் 20 சதவீதம் குறைவு. பஞ்சர் பார்க்கும் கூலி இலவசம், ட்யூபுக்கு மட்டும் காசு. பொருளைத் திருப்பிக் கொடுக்க மற்றவர்களுக்கு 90 நாள் என்றால் உறுப்பினருக்கு ஒரு வருடம். ஒரு நல்ல டியூன்-அப்பிலேயே கட்டணத்தின் பெரும்பகுதி வந்துவிடும், மறுபடி கட்ட வேண்டியதும் இல்லை. உங்கள் ஊரில் அதன் கிளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் 10 சதவீதம் கிடைக்கிறதே என்று தேவையில்லாததை வாங்காதீர்கள். இங்கே சியாட்டிலில் விற்பனை வரியே 10 சதவீதத்துக்கு மேல். வருகிற சலுகை வரிக்கே சரியாகப் போகும்.

உங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். டியூன்-அப் என்றால் என்னென்ன செய்வார்கள்? சக்கரக் கோட்டம் எடுப்பது அதில் சேருமா? ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றுவதைப் பல கடைகள் தனி வேலையாகத்தான் கணக்கிடும். மின்சார சைக்கிள் என்றால் கட்டாயம் கேளுங்கள். அதில் கனத்தினால் பிரேக் கட்டையும் செயினும் சீக்கிரம் தேயும் என்பதால் உறுப்பினர் திட்டம் உண்மையிலேயே உதவும், ஆனால் சில கடைகள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும், வேறு கடையில் வாங்கிய வண்டியைத் தொட மாட்டோம் என்பவர்களும் உண்டு. மே மாதம் வண்டி கொடுத்தால் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். இன்னொன்று: புது சைக்கிள் வாங்கியவர்களுக்கு முதல் சில வாரங்களில் கேபிள் இழுபட்டுக் கியர் கொஞ்சம் விலகும். அந்த முதல் சரிசெய்தலைப் பெரும்பாலான கடைகள் சும்மாவே செய்து கொடுக்கும். அதைச் சலுகையாகக் காட்டி உங்களிடம் 129 டாலர் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

15 சதவீதத் தள்ளுபடியைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பல்சக்கர அடுக்கும் மாற்றிய அந்த முதல் வருடத்தைத் தவிர, செயின், பிரேக் கட்டை, டயர் எல்லாம் சேர்த்து எனக்கு வருடத்துக்கு 150 டாலருக்கு மேல் போவதில்லை. அதில் 15 சதவீதம் என்றால் இருபத்திரண்டரை டாலர்.

கூலி வேலையைத்தான் எண்ண வேண்டும், அதுவும் நீங்கள் உண்மையில் கொண்டுபோகும் முறைகளை மட்டும். என் முதல் வருடத்தில் ஆறு முறை போனதில் நான்கு முறை ஒரே பிரச்சினைதான், கியர் சரியாக விழவில்லை. பின்பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகும் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. கால் சுற்று, அரைச் சுற்று திருகினால் முடிந்தது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு அந்த வேலைக்குக் கடைக்கே போனதில்லை. சைக்கிள் கருவிகள் செய்யும் பார்க் டூல் நிறுவனத்தின் காணொளிகளில் பொறுமையாகக் காட்டுகிறார்கள். சியாட்டிலில் இருப்பவர்களுக்குக் கொலம்பியா சிட்டியில் பைக் வொர்க்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1996 முதல் நடக்கிறது. பெரியவர்களுக்கும் ரிப்பேர் வகுப்பு எடுக்கிறார்கள். ஒரு தடவை நம் கையால் செய்துவிட்டால் பயம் விட்டுப்போகும்.

செயினை அளக்கத் தகடுகூட வேண்டாம், 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புது செயினில் அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணி 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழும். அதைத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் போய்விட்டால் மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு போனால் பல்சக்கரமும் போயிருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பால்கனியில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், நான் மறுமுனையைப் படிப்பேன். இந்த மாதம் 12 அங்குலத்தைத் தாண்டி ஒரு மயிரிழை அளவு வந்திருக்கிறது. 38 டாலர் செயின் ஒன்று வாங்கி அலமாரியில் தயாராக வைத்திருக்கிறேன்.