சூனியக்காரியைக் கூப்பிடுவது யார்?

கேள்வி: என் ஆறு வயது மகள் ஒரு கார்ட்டூன் படத்தில் சூனியக்காரியைப் பார்த்துவிட்டு, இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. குழந்தைகளுக்கான கதையிலும் படத்திலும் எதற்குப் பயமுறுத்தல்? மொத்தமாகத் தடை செய்துவிட வேண்டியதுதானே? (ஒரே லாபம், ‘சூனியக்காரியைக் கூப்பிடவா?’ என்றால் தட்டு காலியாகிவிடுகிறது.)
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் முக்கியமான வரியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்களே!

படத்தின் முடிவில் அந்தச் சூனியக்காரி தோற்று ஒழிந்திருப்பாள். அவளுக்கு உயிர் கொடுத்து, வேளாவேளைக்கு வீட்டுக்கு வரவழைப்பது நீங்கள். படம் காட்டிய பயம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நீங்கள் காட்டுவதற்கு முடிவே இல்லை. அப்புறம் பிள்ளை எப்படி விளக்கை அணைக்க விடும்? முதலில் அதை நிறுத்துங்கள்.

கதைகளிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. ஹைன்ரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் தன் மூன்று வயது மகனுக்காக எழுதி, 1845-இல் வெளியிட்ட படப் புத்தகத்தில் விரல் சூப்பும் பையன் ஒருவன் வருகிறான். பெரிய கத்தரிக்கோலோடு ஒரு தையல்காரன் பாய்ந்து வந்து அவனுடைய இரண்டு கட்டைவிரல்களையும் நறுக்கிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. வெட்டுப்படுவதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு அதில் வேறு வேலையே கிடையாது. கிரிம் சகோதரர்களின் ஹான்சல்–கிரெட்டல் கதையில் கிழவி பிள்ளைகளைத் தின்னவே பார்க்கிறாள். அதைவிடப் பயங்கரம் என்ன இருக்கிறது? ஆனால் அவளை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது கிரெட்டல் என்ற சின்னப் பெண். முன்னது கதை வேஷம் போட்ட மிரட்டல், எனக்குப் பிடிக்காது. இரண்டாவதை எந்த வீட்டுக்கும் சிபாரிசு செய்வேன்.

1812-இல் வந்த முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று யோசனை சொல்பவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது! அந்தத் திருத்தம் பிள்ளைகளுக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளுக்குத் தோற்றத்தைப் பார்த்தே பயப்படும் வயது. ‘அது வெறும் படம்’ என்று விளக்குவதைவிட மடியில் உட்கார வைத்துக்கொள்வது பலன் தரும். இன்னும் சில வருஷம் போனால் அதே முகம் சிரிப்பாகிவிடும். அப்போது நிஜமாக நடக்கக்கூடியவைதான் பயம்: திருடன், தீ, விபத்து. அந்த வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திச் சேனல் பார்க்கிறோமே, அதற்குத் தடை கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

புத்தகத்தில் ஒரு சௌகரியம், பக்கம் பிள்ளையின் கையில் இருக்கிறது. சூனியக்காரியின் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ‘ம், மேலே படி’ என்னும். மறுநாள் அதே பக்கத்தைத் தேடித் திறக்கும், விரல் இடுக்கு வழியாகப் பார்க்கும். சினிமா அப்படிக் காத்திருக்காது. போதாக்குறைக்குப் பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட பூதமும் வாயைத் திறந்து திறந்து மூடும், அவ்வளவுதான்.

சரி, தடைக்கு வருவோம். 1937-இல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தையே பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள், 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு அனுப்பினார்கள். பதினாறு என்பது அதிகம். பெரியவர் துணை என்பது சரி.

ஆகவே தடை வேண்டாம். அவளாகக் கேட்டால் மட்டும் அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள், பகலில். பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை அவளிடமே கொடுத்துவிடுங்கள். எந்த இடத்தை ஓட்டித் தள்ளுகிறாள், எதைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள் என்று கவனியுங்கள். திரும்பப் போடுவது பெரும்பாலும் சூனியக்காரி உதை வாங்கும் இடமாகத்தான் இருக்கும்.